ஏழு வந்தால் என்ன செய்வது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேம்மா என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவாய், அதனால் அதைக் கேட்கப் போவதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, நன்றாகத் தூங்குகிறாயா, அந்த அறை ஜன்னலை அவ்வப்போது திறந்து வைக்கிறாயா, இந்த மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. போன் இருக்கும்போது எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் பாதியில் இருக்கும்போதே நீ குறுக்கே பாய்ந்து, அப்படின்னா இப்படிப் பண்ணிடலாம்மா என்று வழி சொல்ல ஆரம்பித்துவிடுவாய். இது முழுதாகக் கேட்க வேண்டிய விஷயம். உன்னுடைய மீன் படத்தைப் பற்றியது. பதறாதே, நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் நடுவில் ஒரு குழந்தையின் பாடு திண்டாட்டமாகிவிட்டது, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். பின்னறைச் சுவரில் மறுபடி ஈரம் இறங்குகிறது. கொத்தனார் வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், அடுத்த வாரம் வரேன் என்று போனவர்தான், எந்த வருஷத்து அடுத்த வாரம் என்று சொல்லவில்லை. உன் சித்தி வழக்கம்போல உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் வழக்கம்போல காது கேட்காத மாதிரி இருக்கிறேன். கடை பரவாயில்லை. பள்ளி திறக்கப் போகிறது அல்லவா, சான்றிதழ் நகல் எடுக்கவும் புத்தகம் பைண்டு பண்ணவும் காலையிலிருந்தே ஆட்கள் நிற்கிறார்கள். அப்பா மெஷின் பக்கம், நான் பசையும் ஊசியும் பக்கம். இடையில் சண்டை, அதற்கு விடுமுறையே கிடையாது.

நீ கலர் அடித்து அனுப்பிய மீன் படத்தை அப்பா கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், பொண்ணு போட்டது, சின்னப் பிள்ளைங்களுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்த்துச் சொல்லித் தருது என்று ஒரே பீற்றல். நீ இங்கே இருந்தபோது வாயைத் திறந்து ஒரு வார்த்தை பாராட்டினாரா என்று கேட்காதே, அவர் அப்படித்தான். எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. கட்டம் கட்டமாகப் போட்டு ஒவ்வொன்றிலும் இரண்டும் மூன்றும், நாலும் இரண்டும் என்று குட்டிக் குட்டிக் கூட்டல். ஐந்து வந்தால் நீலம், ஆறு வந்தால் ஆரஞ்சு, எட்டு வந்தால் பச்சை. எல்லாம் நிறைந்தால் தண்ணீரும் பாசியும் ஆகி நடுவில் மீன் வந்து நிற்கும். ஏழு வந்தால் ஒன்றும் செய்யாதே, வெள்ளையாகவே விடு என்று கடைசியில் ஒரு வரி. மீனின் கண்ணும், அது விடுகிற நீர்க்குமிழிகளும் அந்த ஏழுகள்தான். இதெல்லாம் குழந்தைகளுக்கு எதற்கு என்று கேட்டதற்கு நீ சொன்னாய், இப்படி வந்தா இதைச் செய், அப்படி வந்தா அதைச் செய்னு சொல்றதுதாம்மா கம்ப்யூட்டருக்கும், சொன்னதை மட்டும்தான் அது செய்யும், சும்மா இருன்னு சொல்றதும் ஒரு கட்டளைதான் என்று. சும்மா இருப்பதற்கும் கட்டளை வேண்டுமா என்று நான் சிரித்தேன், உன் அப்பாவுக்கு அது தேவையே இல்லை என்றும் சொன்னேன்.

எதிரே இருக்கிற பள்ளியின் தலைமையாசிரியை ஒருநாள் கடைக்கு வந்தவர் அந்தப் படத்தைக் குனிந்து குனிந்து பார்த்தார். முதல் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு சின்னப் பார்வை பார்ப்பார்களாம், எண் தெரிகிறதா, நிறம் தெரிகிறதா, சொன்னதைக் கேட்டுச் செய்கிறதா என்று. மூன்றும் இந்த ஒரே தாளில் இருக்கே, இதையே வச்சுக்கலாமா என்று கேட்டார். உன்னிடம் போனில் சொன்னபோது நீ எப்படிக் குதித்தாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. நானும் குதித்தேன், வயதுக்குத் தகுந்த மாதிரி. எங்கள் யார் மூளையும் அப்போது நின்று யோசிக்கவில்லை, விளையாடக் கொடுத்ததைப் பரீட்சையாக்கினால் அது வேறு பொருளாகிவிடும் என்று. நீ செய்தது, குழந்தை ஒரு மீனைத் தானே கண்டுபிடிக்கட்டும் என்று. அவர்கள் அதை வைத்துக் குழந்தையைக் கண்டுபிடிக்கப் போனார்கள்.

அந்தத் தாளோடு உட்கார்ந்தவர்களில் ஒருத்தி பட்டாணி. உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு நம் கடைக்கு இரண்டு கடை தள்ளி வந்த பிரிட்ஜ் மெக்கானிக்கின் மகள். உருட்டி விட்ட மாதிரி இருப்பாள் என்பதால் தெருவே வைத்த பெயர். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், பள்ளி இல்லாத நாளில் பகல் முழுக்க அப்பாவோடு கடையில்தான். அவர் பிரித்துப் போடுகிற திருகாணிகளைத் தரையில் பெரிசு, சின்னது, பெரிசு, சின்னது என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போவாள், வரிசை வாசல் தாண்டி நடைபாதைக்கு வந்துவிடும். பேச்சு கம்மி. அவர் நல்ல மனுஷன்தான், வேலை நடக்கும்போது அந்த கம்ப்ரஸர் சத்தத்தில் யார் பேசினாலும் அவருக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

போன திங்கட்கிழமை அந்த மனுஷன் கையில் இரண்டு தாளோடு நம் கடைக்கு வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே அண்ணே என்று சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவர், அன்றைக்கு ஓசையில்லாமல் நின்றார். இதுல ரெண்டு காப்பி வேணும்க்கா, டாக்டர்கிட்ட காட்டணும் என்றார். எந்த டாக்டர், என்ன ஆச்சு என்று கேட்டதற்குத் தாளை நீட்டினார். ஒன்று பள்ளி கொடுத்த குறிப்பு. குழந்தை கவனம் செலுத்தவில்லை, கொடுத்த வேலையை முடிக்காமல் கை கட்டி உட்கார்ந்திருந்தது, இன்னும் ஒரு வருஷம் மழலை வகுப்பிலேயே இருக்கட்டும், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது என்று. இன்னொன்று உன் மீன். அவர் என்னிடம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது, எங்க வீட்ல யாருக்கும் இப்படி இல்லக்கா, எனக்குத்தான் படிப்பு ஏறல, என்னால வந்திருக்குமோ என்று கேட்டார். மல்லாக்கப் போட்ட பெரிய பிரிட்ஜை ஒற்றை ஆளாக நிமிர்த்துகிற கை அவருக்கு, அந்தக் கையால் மேஜைக் கண்ணாடியின் விளிம்பைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நகல் எடுக்க வாங்கினால் தாளைப் பார்க்காமல் மெஷினில் வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அடுத்தவர் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று. அன்றைக்குப் பார்த்தேன். பார்த்தால் அந்த மீனில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நீலம் நீலமாக இருந்தது, மீன் ஆரஞ்சாக இருந்தது, கண்ணும் குமிழியும் வெள்ளையாக இருந்தன. கட்டத்தை விட்டு ஒரு கோடு வெளியே போகவில்லை. அதைக் கண்ணாடி மேலேயே வைத்து அடியில் இருந்த உன் படத்தோடு ஒப்பிட்டேன். அச்சு அசல். இதுல என்ன முடிக்கல என்று நான் கேட்க, அவர் அந்த வெள்ளைக் கட்டங்களைக் காட்டி, மத்த பிள்ளைங்க எல்லாம் இதையும் கலர் பண்ணியிருக்காங்க, இவ மட்டும் விட்டுட்டா என்றார். வெள்ளையாகத்தான் விட வேண்டும் என்று எழுதியிருக்கிறதே என்று உன் படத்தின் கடைசி வரியில் விரலை வைத்தேன். பட்டாணியின் தாளில் அதே இடத்தில் விரலை வைத்தால் விரலுக்குக் கீழே மேஜைதான் இருந்தது. தாள் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

உன் அப்பாவைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், அவ அனுப்பின ஃபைல்லயே அந்த வரி இருந்திருக்காது என்று முதல் பந்தை உன் பக்கம் உருட்டினார். கண்ணாடிக்கு அடியில் இருக்கிறதே என்றேன். ஸ்கேலை எடுத்து அளந்தார். விஷயம் இதுதான். பள்ளியின் பெயரும் சின்னமும் மேலே அச்சடித்த தாளைத்தான் அவர்கள் கொடுத்து, இதிலேயே எடுத்துக் கொடுங்க, பார்க்க நல்லா இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பெயர் மேல் உன் மீன் ஏறிவிடக் கூடாதென்று அப்பா படத்தைக் கீழே தள்ளியிருக்கிறார். கேள்வித்தாளுக்கெல்லாம் அப்படித் தள்ளித்தான் எடுப்பார், கீழே எப்போதும் வெற்றிடம்தானே இருக்கும். உன் தாளில் வெற்றிடம் இல்லை. மேலே பள்ளியின் பெயர் நிமிர்ந்து நின்றது, கீழே ஏழு விழுந்துவிட்டது. எடுத்ததை அடுக்கி, கட்டுக் கட்டி, ரப்பர் பேண்டு போட்டது நான், எனக்கும் தெரியவில்லை. பிள்ளைகளை உட்கார வைத்த சின்ன வகுப்பு டீச்சர் தாளைப் பார்த்துப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார், ஐந்து, ஆறு, எட்டு என்று. நடுவில் ஏழைக் காணோமே என்று அவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் இத்தனை பெரியவர்கள் பார்க்காததை அந்த அறையில் ஒரே ஆள்தான் பார்த்திருக்கிறாள்.

மெக்கானிக்கை அவர் கடையிலிருந்து பட்டாணியைக் கூட்டி வரச் சொன்னேன். தாளைக் காட்டி, இதை ஏன் கண்ணு விட்டுட்டே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. ஏழுக்கு ஒண்ணும் சொல்லலையே என்றாள். அப்படியென்றால் மூன்றும் நாலும் சேர்த்து, ஐந்தும் இரண்டும் சேர்த்து, எல்லாம் மனசுக்குள்ளேயே போட்டு ஏழு என்று கண்டுபிடித்திருக்கிறாள். அதற்கு நிறம் சொல்லவில்லை. சொன்னதை மட்டும் செய் என்று தாளின் தலையில் நீதான் போட்டிருக்கிறாய். அதனால் கை கட்டி உட்கார்ந்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் கையில் இருந்த கலரை அப்பி முடித்துவிட்டார்கள், முடித்ததால் கெட்டிக்காரர்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை, குழந்தை என்றால் வெள்ளையைக் கண்டால் கை அரிக்கும்தானே.

அப்பா அப்போது செய்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும், அவர் சொல்ல மாட்டார். வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே மெஷினை அணைத்தார், ஷட்டரைப் பாதி இறக்கினார், சட்டையை மாட்டினார். எனக்குப் பயம். பள்ளி வேலைதான் நம் கடைக்கு வருஷம் முழுக்கச் சோறு. இவர் போய் எங்க தப்பு என்று நின்றால், கேள்வித்தாள் வேலையெல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடாதா. நாளைக்கு மெதுவாப் பேசிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். தாள் அவங்களோடது, நகர்த்தினது நான், பிள்ளைக்கு எதுக்கு டாக்டர் என்றார். அவ்வளவுதான். நான், அவர், மெக்கானிக், பட்டாணி, நான்கு பேரும் தெருவைக் கடந்து போனோம். அந்த ஆளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் முட்டி மோதியதற்கு அன்றைக்குத்தான் மனசார சந்தோஷப்பட்டேன், ஆனால் இதை நீ அவரிடம் சொல்லிவிடாதே, பிறகு பிடிக்க முடியாது.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. இரண்டு தாளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார், சரி, ஒரு வரி விட்டுப்போச்சு, ஒத்துக்கறேன், ஆனா வகுப்புல தினமும் ஏதாவது ஒண்ணு விட்டுப்போகத்தான் செய்யும், தெரியலைன்னா எழுந்து கேக்கணும் இல்லையா, கேக்காம கை கட்டி உக்காந்தா அந்தப் பிள்ளை பின்தங்கிப் போயிடும், அதுதான் என் கவலை என்று. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மெக்கானிக் தலை குனிந்துவிட்டார், வந்த வேலை முடிந்தது, திரும்பலாம் என்பது போல. அப்புறம் அந்த அம்மாள் நாற்காலியை நகர்த்திக் குனிந்து பட்டாணியிடமே கேட்டார், ஏம்மா, தெரியலைன்னா டீச்சரைக் கேக்கலாம்ல என்று. அவள் முதலில் தன் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். கேட்டேன், பேசாம போடுன்னாங்க என்றாள்.

அந்தச் சின்ன வகுப்பு டீச்சர் கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தார், சின்ன வயசுப் பெண், உன் வயசுதான் இருக்கும். மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை. சொல்லியிருப்பேன் மேடம், ஒரே நேரத்துல அத்தனை பேர் கூப்பிட்டாங்க என்றார். தலைமையாசிரியை அவரை ஒன்றும் சொல்லவில்லை. மெக்கானிக்கிடமிருந்து அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கி இழுப்பறைக்குள் போட்டார், பள்ளி திறக்கிற அன்றைக்கு முதல் வகுப்புக்கே கூட்டிட்டு வாங்க என்றார். அப்பாவிடம், அடுத்த தடவை எங்க பேர் இல்லாட்டியும் பரவாயில்லை சார், வெறும் தாள்லயே எடுத்துடுங்க என்றார். கேள்வித்தாள் வேலை எங்கேயும் போகவில்லை.

இனி உனக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முக்கியமான கட்டளையை இனிமேல் கடைசி வரியில் வைக்காதே, மேலே வை. கீழே இரண்டு விரல் அகலம் சும்மா விடு, இது அப்பா சொல்லச் சொன்னது, உலகத்தில் எந்த மெஷினும் கீழேதான் கடிக்கும் என்கிறார். உன் தாள்களை வைத்து எந்தப் பிள்ளையையும் தரம் பிரிக்க யார் கேட்டாலும் கொடுக்காதே, எவ்வளவு இனிக்க இனிக்கக் கேட்டாலும் சரி. இன்னொன்று, இது என் புத்திக்குத் தோன்றியது, தப்பென்றால் விட்டுவிடு. கம்ப்யூட்டர் கட்டளை இல்லாவிட்டால் நின்றுவிடும் என்கிறாய், சரி, அது அதன் விதி. குழந்தைக்கு அந்த இடத்தில் இன்னொரு வழி இருக்கிறது, வாயைத் திறந்து கேட்கலாம். அதையும் ஒரு கட்டளையாகத் தாளில் போடு, சொல்லாத எண் வந்தால் நிறுத்து, கையைத் தூக்கிக் கேள் என்று. கூடவே சின்ன எழுத்தில் பெரியவர்களுக்கும் ஒன்று போடு, கேட்டால் பதில் சொல்லுங்கள் என்று. வேண்டுமென்றே ஓர் எண்ணை விட்டுவிட்டுக்கூட ஒரு படம் செய்து பாரேன், எந்தப் பிள்ளை முதலில் கண்டுபிடிக்கிறது என்று. பட்டாணி ஒரு நொடியில் பிடித்துவிடுவாள்.

பள்ளியிலிருந்து வெளியே வந்தபோது நடந்ததை எழுதாமல் விட்டால் தூக்கம் வராது. அப்பா முன்னால் போய்விட்டார், ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்கிறதே என்ற கவலை. நான் செருப்பு வார் அறுந்து பின்னால் நின்றேன். பள்ளி கேட்டுக்கு வெளியே மெக்கானிக் தூக்கி வந்த குழந்தையை இறக்கி விட்டு, அவள் உயரத்துக்குக் குனிந்தார். சந்தோஷத்தில் கொஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. என்கிட்டயும் ஏதாவது கேட்டு, நான் காதுல வாங்காம விட்டிருக்கேனாம்மா என்றார். பட்டாணி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நிறைய தடவையா என்றார். மறுபடி ஆட்டினாள். அந்த மனுஷன் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார், ஆட்கள் சுற்றிப் போனார்கள். சரி, இப்பக் கேளு என்றார். அவளும் கேட்க ஆரம்பித்தாள். என்ன கேட்டாள் என்று நான் நின்று கேட்கவில்லை, அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ளது. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கடைக்கு வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எடுத்த வேலையெல்லாம் கைகூட வேண்டும், மனசுக்குப் பிடித்தவர்கள் சுற்றி இருக்க வேண்டும், நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. குளிருக்கு அந்தப் பச்சை ஸ்வெட்டரைப் போடு, பெட்டியிலேயே வைத்திருந்தால் பெட்டிக்குத்தான் குளிராது. ஒரு ஞாபகம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் என்று ஆரம்பித்தாய். நான் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆன கதைக்குள் போய்விட்டேன், நீயும் சரிம்மா, பிறகு பேசறேன் என்று வைத்துவிட்டாய். அது என்ன என்று எழுது. இல்லை, எழுத வேண்டாம், கூப்பிடு. நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா